நிப்பாட்ட வேண்டாம் என்று எழுதி ஒட்டிய பெட்டி

சுவிற்சர்லாந்தில், ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூடம் இருக்கிறது. 1990 இல் அங்கே வேலை செய்த ரிம் பேர்ணர்ஸ்-லீயிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரு அடி நீளமான கனசதுரம். ஸ்ரீவ் ஜொப்ஸ் அப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நெக்ஸ்ட் கம்பனியின் கொம்பியூட்டர் அது. அந்தப் பெட்டியில் ஒரு லேபலை ஒட்டி, சிவப்பு மையால் கையாலே எழுதி வைத்திருந்தார்கள்: இந்த மெஷின் ஒரு சேர்வர். இதை நிப்பாட்ட வேண்டாம்!! ஆச்சரியக்குறி ஒன்றல்ல, இரண்டு.

உலகத்தின் முதலாவது வெப் சேர்வர் அதுதான். அந்தப் பெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இணையத்தின் பிறப்பைப் பற்றிக் கதைப்பார்கள். எங்களுக்கு வேற ஒரு சின்னக் கேள்வி. ஏன் அப்பிடி எழுதி ஒட்ட வேண்டி வந்தது?

அதைப் பார்த்தால் சேர்வர் மாதிரி இல்லை என்பதுதான் பதில். மேசையில் ஒருத்தர் வேலை செய்கிற கொம்பியூட்டர் மாதிரி இருந்தது. உண்மையில் அது அதேதான். உலகத்தின் முதல் பிரவுசரை பேர்ணர்ஸ்-லீ எழுதியது நெக்ஸ்ட் மெஷினில்தான். ஆள் வீட்டுக்குப் போன பிறகு யாராவது நல்லெண்ணத்தில் சுவிச்சை அணைத்துவிட்டால், மேசைக் கொம்பியூட்டர் என்றால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வேறு ஒரு கட்டடத்தில், பிறகு வேறு நாடுகளில், ஆரோ ஒருத்தர் அந்தப் பெட்டியிடம் ஒரு பக்கத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். லேபலுக்கு முன்னும் பின்னும் இரும்பு ஒன்றுதான். அந்தப் பெட்டி மற்றவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பாடசாலையில் எங்களுக்கு இதை வேற மாதிரித்தான் படிப்பித்தார்கள். மீக்கணினி, பெருமுகக் கணினி, சிறு கணினி, நுண் கணினி என்று பருமனை வைத்து ஒரு வரிசை. தனியாள் கணினி கீழே, சேவையகம் எங்கேயோ மேலே. அதை மனப்பாடம் செய்து புள்ளி எடுத்தவர்கள்தான் நாங்களும். சேவையகம் என்ற சொல்லே ஒரு கட்டடத்தை நினைவுபடுத்துகிறது. ஈழத்தில் கனபேர் பாவிக்கிற ‘வழங்கி’ எங்களுக்குக் கூடப் பிடிக்கும். அது ஒரு பொருளின் பெயராக இல்லாமல் செய்கிற வேலையின் பெயராக இருக்கிறது. ஆங்கிலத்திலும் கதை அப்பிடித்தான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற்றுக்கு 1969 இல் எழுதப்பட்ட முதல் குறிப்புகளிலேயே கேட்கிற கணினி, கொடுக்கிற கணினி என்று இரண்டு பாத்திரங்களைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இங்கே சொற்சண்டை வேண்டாம் என்பதால் சேர்வர் என்றே எழுதிக்கொண்டு போகிறோம்.

1950களில் இந்தப் பிரச்சினையே இல்லை. கொம்பியூட்டர் என்றால் ஒரு அறை முழுக்க நிற்கிற சாமான். அதுக்குக் கிட்டப் போக எல்லாருக்கும் அனுமதி கிடையாது. கணக்கை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, யன்னலுக்கு அங்கால இருக்கிற ஒப்பரேட்டரிடம் கொடுத்துவிட்டு வரவேணும். மறுமொழி பல மணித்தியாலம் கழித்தோ அடுத்த நாளோ காகிதத்தில் வரும். ஒரு கமா பிழைத்திருந்தால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரி கிளினிக்கில் துண்டு எடுத்துக்கொண்டு காத்திருந்த ஆட்களுக்கு இது விளங்கும்.

அமெரிக்காவில் எம்.ஐ.ரி. என்ற பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு 1961 நவம்பரில் இதுக்கு ஒரு மாற்றைச் செய்து காட்டியது. மனிசர் யோசிக்கிற வேகத்தோடு ஒப்பிட்டால் மெஷின் எவ்வளவோ வேகம். ஒருத்தர் ஒரு எழுத்தை அழுத்தி அடுத்த எழுத்தை அழுத்துறதுக்குள்ள அது மற்ற எல்லாரின் வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்துவிடும். ஆகவே ஒரே மெஷினில் பல தட்டச்சு முனையங்களைக் கொழுவி, நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பகிர்ந்தார்கள். கொஞ்ச வருடங்களுக்குள் கிட்டத்தட்ட 30 பேர் ஒரே நேரத்தில் அதைப் பாவித்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் கொம்பியூட்டர் முழுக்கத் தன்னுடையது மாதிரித் தெரியும். அது பொய்தான். நல்ல பொய்.

பகிர்வு வந்தவுடனே பூட்டும் வந்தது. உன்னுடைய கோப்பு, என்னுடைய கோப்பு என்று பிரிக்க அந்த எம்.ஐ.ரி. மெஷினில் பாஸ்வேர்ட் வைத்தார்கள். கணினியில் பாஸ்வேர்ட் பாவித்த மிக முந்திய இடங்களில் அது ஒன்று. பூட்டு வந்தவுடனே உடைப்பும் வந்தது. அலன் ஷேர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான் கொடுத்திருந்தார்கள். ஆய்வுக்கு அது காணாது. 1962 இல் அவர் ஒரு துளை அட்டையைச் செருகி, எல்லாருடைய பாஸ்வேர்ட்டும் இருந்த கோப்பை அச்செடுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களின் பெயரில் நுழைந்து வேலையை முடித்தார். வருடக்கணக்கு ஓடிய பிறகு அவரே இதைச் சொன்னார். ஒரு மெஷினைப் பலபேர் பகிர்ந்தால் கட்டாயம் வருகிற நேரப் பஞ்சம், கணக்கு, காவல், களவு எல்லாம் இந்த ஒரு சம்பவத்துக்குள்ள இருக்கு.

இந்தக் காவலுக்கு எதிரான கோபத்தில் இருந்துதான் தனியாள் கணினி பிறந்தது. 1970களின் கலிபோர்னியா. வியட்நாம் போரை எதிர்த்து வளர்ந்த இளைஞர்கள். கொம்பியூட்டர் என்றாலே அவர்களுக்கு இராணுவமும் வங்கியும் வரித் திணைக்களமும்தான். அந்தப் பலத்தை ஒவ்வொருத்தரின் கையிலும் கொடுக்க வேணும் என்று கனபேர் மெய்யாகவே நம்பினார்கள். 1975 ஜனவரி ‘பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டையில் அல்தெயார் 8800 வந்தது. 400 டொலருக்குக் கிட்ட விலை, பாகங்களை வாங்கி நீங்களே பற்றவைத்துப் பொருத்த வேணும். கீபோர்ட் இல்லை, திரை இல்லை, முன்பக்கத்தில் சுவிச்சுகளும் சின்ன விளக்குகளும் மட்டும். மெமறி 256 பைற். இந்தப் பந்தியைக்கூட அதுக்குள்ள அடக்க ஏலாது. அதுக்கும் ஆட்கள் வரிசையில் நின்று காசு அனுப்பினார்கள். காரணம் ஒன்றுதான்: அது என்னுடையது. அந்த மார்ச்சில் ஒரு வீட்டுக் கராஜில் கூடிய ஹோம்புறூ கழகத்துக்குப் போய்வந்த ஸ்ரீவ் வொஸ்னியாக்தான் பிறகு அப்பிளின் முதல் மெஷின்களை வடிவமைத்தார்.

1981 ஓகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் பீசியை வெளியிட்டது. ஆகக் குறைந்த வடிவம் 1,565 டொலர், மெமறி 16 கிலோபைற். (அதுக்கு இரண்டரை மாதத்துக்கு முதல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 1981 என்று எழுதும்போது எங்கட கை தானாகவே கொஞ்சம் நிற்கும். கடைசியில் அதுக்குத் திரும்ப வருவோம்.) பீசியோடு வந்த டொஸ் மென்பொருளைப் போட்டால் அது முதலில் கேட்கிறது இண்டைய திகதியை. நீ யார் என்று கேட்காது. பாஸ்வேர்ட் இல்லை, பாவனையாளர் பெயர் இல்லை. மெஷினுக்கு முன்னால் இருக்கிறவர்தான் சொந்தக்காரர் என்பது அதுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. எங்களைப் பொறுத்தவரை தனியாள் கணினியின் முழு வரைவிலக்கணமும் இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இதுக்கு நேர் எதிர். பலபேர் ஒரு மெஷினில் இருப்பார்கள் என்ற எண்ணத்தோடு வளர்ந்தது அது. யார் நீ என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். இண்டைக்கும் பெரும்பாலான சேர்வர்களில் ஓடுவது அந்தப் பரம்பரைதான்.

ஆனால் ஆளுக்கொரு கொம்பியூட்டர் என்ற கனவு நனவான முதல் இடத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் கம்பனியின் பார்க் ஆய்வுகூடம் 1973 இல் அல்ரோ என்ற மெஷினைக் கட்டியது. மவுஸ், படங்கள் காட்டும் திரை எல்லாம் அதில் இருந்தது. ஒரு விஞ்ஞானிக்கு ஒரு மெஷின். அதே கூட்டத்தார்தான் லேசர் பிரிண்டரையும் செய்தார்கள். அது ஆளுக்கொன்று கொடுக்க முடியாத விலை. அல்ரோவின் கழற்றிப் போடுகிற டிஸ்க்கிலும் 2.5 மெகாபைற்தான் கொள்ளும். ஆகவே மெஷின்களை இணைக்க ஈதர்நெற் கேபிள், எல்லாருக்கும் பொதுவாக அச்சடிக்க ஒரு மெஷின், எல்லாருடைய கோப்புகளையும் வைக்க இன்னொரு மெஷின். பொதுக் கொம்பியூட்டரில் இருந்து தப்பி ஓடி ஆளுக்கொன்று எடுத்தவர்கள், நடுவில் ஒரு பொதுக் கொம்பியூட்டரைத் திரும்ப வைத்தார்கள். கிணறு ஆளுக்கொன்று வெட்டினாலும் கோயில் கேணி ஒன்று தேவைப்படும் போல.

1980களில் உலகம் முழுக்க அலுவலகங்களில் இதுதான் திரும்ப நடந்தது. 1983 இல் ஐ.பி.எம். எக்ஸ்.ரி. 10 மெகாபைற் ஹாட் டிஸ்க்கோடு வந்தபோது விலை 4,995 டொலர். அதை எத்தனை மேசைக்கு வாங்க ஏலும்? நொவெல் கம்பனியின் நெற்வெயார் அந்த இடத்தில் நுழைந்தது. ஒரு பீசியைப் பிடித்து, நல்ல டிஸ்க்கைப் போட்டு, மூலையில் வை. மற்ற எல்லா பீசியும் அதிடம் கோப்புக் கேட்கும். மூலையில் இருக்கிற பீசியில் ஒருத்தரும் கடிதம் அடிக்கிறதில்லை. ஆரும் அதுக்கு முன்னால் இருக்கிறதே இல்லை. பின்னாளைய நெற்வெயாரில் அந்தத் திரையில் ஒரு பாம்பு ஊர்ந்துகொண்டு இருக்கும். வேலைச்சுமை கூடக்கூடப் பாம்பின் வாலும் நீளும். அந்தக் காலத்து ஆட்கள் இண்டைக்கும் அதைப் பாசத்தோடு சொல்லுவார்கள்.

ஆளில்லாமல் ஓட வேண்டிய மெஷின், நிற்கக் கூடாத மெஷின் என்று ஆனவுடனே உடம்பும் மாறத் தொடங்கியது. பாடப்புத்தகம் சொல்கிற வித்தியாசங்கள் எல்லாம் இந்த இடத்தில் இருந்துதான் வருகின்றன. மின்சாரம் வழங்குகிற பெட்டி இரண்டு, ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். மெமறியில் 64 பிற்றுக்கு 8 பிற் மேலதிகமாக வைத்து, ஒரு பிற் தானாகப் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்துகிற ஏற்பாடு. வீட்டு பீசியில் ஒரு பிற் புரண்டால் ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், அல்லது மெஷின் நின்று திரும்பத் தொடங்கும். வங்கிக் கணக்கில் புரண்டால் கதை வேற. 19 அங்குல ராக்கில் அடுக்குகிற தட்டையான உடம்பு, சீறுகிற காற்றாடிகள். திரையும் கீபோர்ட்டும் அவசியமில்லை. சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை, பக்கத்தில் ஒருத்தரும் இல்லையே.

டிஸ்க்கின் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. பெரிய கணினிகளுக்கு என்றே பெரிய, விலைகூடிய டிஸ்க்குகள் இருந்த காலம் அது. 1988 இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பீசிக்காகச் செய்கிற மலிவு டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் மற்றவற்றில் இருந்து மீட்கக்கூடிய மாதிரித் தரவைப் பரப்பி வைத்தால் பெரிய டிஸ்க்கை வெல்லலாம் என்பது வாதம். அதுதான் றெயிட். அடுத்த வருடமே கொம்பாக் கம்பனி பீசியின் பாகங்களை வைத்து, இரண்டு புறொசெசர் வரைக்கும் டிஸ்க் வரிசையும் போடக்கூடிய சிஸ்ரம்புறோ என்ற சேர்வரை விற்றது. பெரிய மெஷின்களின் வேலையைச் சின்ன மெஷினின் பாகங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின.

பிறகு நடந்தது வெள்ளம். 1991 ஓகஸ்ட்டில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தன் 386 பீசிக்காக, பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுகிறேன், பெரிசாக ஒன்றும் இல்லை என்று அறிவித்தார். யுனிக்ஸின் குணத்தை மலிவு பீசிக்குள் இறக்கிய அந்த லினக்ஸ் இண்டைக்கு உலகத்தின் சேர்வர்களில் பெரும்பகுதியை ஓட்டுகிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் சேர்ஜி பிரினும் தேடுபொறியைத் தொடங்கியபோது 4 கிகாபைற் டிஸ்க்குகள் பத்தை, சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற கட்டைகளால் கட்டிய கூட்டில் அடுக்கினார்கள். 1999 இல் கூகுள் செய்த சேர்வர்களில் ஒரு தட்டில் நான்கு சாதாரண மதர்போர்ட், ஷோர்ட் ஆகாமல் இருக்க இடையில் தக்கைத் தாள். பெட்டியே இல்லை! 2003 இல் அவர்களின் பொறியியலாளர்கள் எழுதிய கட்டுரைப்படி 15,000க்கு மேற்பட்ட சாதாரண பீசிகள். இரண்டு பவர் சப்ளை, திருத்துகிற மெமறி என்று ஒவ்வொரு மெஷினையும் காப்பாற்றுகிற யோசனையை விட்டுவிட்டார்கள். மெஷின் சாகும், சாகட்டும், மென்பொருள் மற்றதிடம் கேட்கும். நிப்பாட்ட வேண்டாம் என்ற லேபலை இப்போது எந்தப் பெட்டியிலும் ஒட்டத் தேவையில்லை. வாக்கு பெட்டியில் இருந்து கூட்டத்துக்கு மாறிவிட்டது.

இது பொறியியல் ரீதியாக அழகான விசயம். ஆனால் இதோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. 2006 இல் அமேசன் தன் சேர்வர்களைத் துண்டாக்கி, மணித்தியாலத்துக்கு 10 சதம் என்று வாடகைக்கு விடத் தொடங்கியது. நேரத்தை வெட்டி விற்கிறது! 1961 இன் யோசனை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. எங்கட படங்கள், கடிதங்கள், எழுதியவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேசையை விட்டு அங்கே போயின. கையில் இருக்கிற ஃபோன் 1981 பீசியைவிடப் பல ஆயிரம் மடங்கு பலமானது. ஆனால் அதைத் திறந்தவுடனே பாதிச் செயலிகள் கேட்கிறது என்ன? யார் நீ, பாஸ்வேர்ட் என்ன.

அதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம், எங்கட மேசைக் கொம்பியூட்டர்கள் வெறும் தகரப் பெட்டிகளாக இருந்தன. ஆனால் முதல்நாள் இரவு அவசர அவசரமாக ஏற்றிவிட்ட கட்டுரையை ரொறொன்ரோவில் இருக்கிற சிநேகிதர் படித்துவிட்டுப் பிழை பிடித்து எழுதியிருந்தார். எங்கேயோ ஒரு கட்டடத்தில், பற்றரியும் ஜெனரேற்றரும் பின்னால் நிற்க, ஒரு மெஷின் எங்களுக்காக முழிச்சிருந்தது. அந்த மெஷின் எங்களுடையது இல்லை என்பதுதான் மற்றப் பக்கம். ஜியோசிற்றீஸ் என்ற இலவச இடத்தில் 1990களில் இருந்து உலகம் முழுக்க ஆட்கள் தங்கட பக்கங்களைக் கட்டியிருந்தார்கள். அதை வாங்கிய யாஹூ 2009 ஒக்ரோபர் 26 அன்று மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள். கட்டியவர்களில் ஒருத்தரிடமும் சுவிச் இருக்கவில்லை. அதில் மிஞ்சியதில் பெரிய பங்கு எப்பிடி மிஞ்சியது என்றால், மூடுவதற்கு முதல் தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கி, தங்கட டிஸ்க்குகளில் சேர்த்து, அடுத்த வருடம் ரொறன்ற் ஆக எல்லாருக்கும் விட்டதால்.

1981 க்குத் திரும்ப வருகிறோம் என்று சொன்னோம். யாழ் நூலகத்தில் எரிந்தது சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும். அதில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன, அவை போனது போனதுதான். 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தங்கட வீட்டுக் கொம்பியூட்டர்களில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து சேர்வரில் ஏற்றினார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் ஸ்கான் செய்து அதேபோலக் கொடுக்கிறது. இரண்டிலும் வேலை நடந்தது தனியாள் கணினியில், கொடுப்பது சேர்வர். எது பெரிது என்று கேட்டால் நாங்கள் பதில் சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே இருந்து ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது பெரும்பாலும் அதை இறக்கி வைத்துக்கொள்கிறோம்.

சேர்ன் பெட்டியின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 2013 இல் சேர்ன் உலகத்தின் முதல் இணையப் பக்கத்தை அதன் பழைய முகவரியிலேயே திரும்ப ஏற்ற நினைத்தது. பெட்டி பத்திரமாக இருந்தது. ஆனால் அவர்களிடம் கிடைத்த ஆகப் பழைய பிரதி 1992 இனுடையது. பக்கத்தைத் திருத்தித் திருத்தி அதுக்கு மேலேயே எழுதியதில் பழையவை போய்விட்டன, அதை ஒருத்தரும் அப்போது கவனிக்கவில்லை. செய்தி வெளியில் வந்த பிறகு அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்து போல் ஜோன்ஸ் என்ற பேராசிரியர் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றார். 1991 இல் பேர்ணர்ஸ்-லீயைச் சந்தித்தபோது வாங்கி வைத்த பிரதி அது. அவரிடமும் ஒரு நெக்ஸ்ட் இருந்தது. அதில் லேபல் ஒன்றும் ஒட்டியிருந்ததாகத் தெரியவில்லை.